டீக்கடைப் பேச்சும் துறைமுக முதலாளியும்

பொன்னேரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. சித்திரை மாதத்துக் காலை நேரம். பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்த இரண்டு தொழிலாளர்கள். அறுப்பு முடிந்து வேலை தேடிப் புறப்பட்ட நாலைந்து விவசாயக் கூலிகள். சுவரோரத்தில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. இவ்வளவுதான் கூட்டம்.

பழவேற்காட்டிலிருந்து பஸ் வந்தது. இறால் கூடையைத் தலையில் வைத்தபடி ஒரு மீனவத் தாய் இறங்கினார். அவரைப் பார்த்ததும் ஷிப்டு முடிந்த தொழிலாளி ஒருவர் சொன்னார்:

"இவங்களுக்கு என்ன குறைச்சல்? கடலுக்குப் போகாமலே சர்க்கார் எட்டாயிரம் குடுக்குது. பஸ்ஸும் ஓசி. நாமதான் மாடா உழைக்கிறோம்."

அந்த அம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அண்ணே, அந்த எட்டாயிரத்த உங்க கையிலயே குடுத்துடறேன். அறுவத்தொரு நாளு எங்க வூட்ட நீங்க நடத்திக் காட்டுங்க. எம் புள்ள காசிமேட்டுல விசைப்படகுல கூலிக்குப் போறவன். படகு கரையில நிக்குது. அவனும் நிக்கிறான்."

கடையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்படிப் பேசியவர் ஆலை முதலாளி அல்ல, வட்டிக்கடைக்காரர் அல்ல, நமது சங்கத்து உறுப்பினர். மாதாமாதம் சந்தா தவறாதவர். வேலைநிறுத்தம் என்றால் முன்வரிசையில் நிற்பவர். அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு!

உடனே பதில் சொல்ல என்னிடமும் கணக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். அது என் குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

பேசியது தொழிலாளியின் வாய், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருத்து யாருடைய சரக்கு? எந்தப் பட்டறையில் வார்த்தது? யாருடைய வண்டியில் ஏறி நம்முடைய டீக்கடைக்கு வந்து சேர்ந்தது? இதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எட்டாயிரம் ரூபாய்க் கணக்கு

முதலில் கணக்கைப் போடுவோம்.

மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலத்தில் இழுவைமடி போட்டால் தாய் மீனும் போகும், குஞ்சும் போகும். ஆகவே 2001-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை வந்தது. 2017-ல் அது 61 நாளாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் நிற்க வேண்டும். மீன் வளம் மீனவனுக்கு மட்டும் சொந்தமா? ஊருக்கெல்லாம் சொந்தம். ஊருக்காகத் தொழிலை நிறுத்துகிறவனுக்கு ஊர் கொடுக்கிற ஈடுதான் இந்த நிவாரணம். இதற்குப் பிச்சை என்று பெயர் வைத்தவன் யார்?

தொகை எவ்வளவு? 2023 ஆகஸ்டில் மாநில சர்க்கார் இதை எட்டாயிரமாக உயர்த்தி அறிவித்தது. எட்டாயிரத்தை 61 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். வீட்டில் நாலு பேர் என்றால் தலைக்கு 33 ரூபாய். மூன்று டீ, மிஞ்சினால் ஒரு வடை. நூறு நாள் வேலைக்கு 2025-ல் தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த தினக்கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட இல்லை இது. இந்தப் பணத்தில் சுகபோக வாழ்வு வாழ்கிறார்களாம்!

இன்னொன்றையும் கேளுங்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் 4,500 ரூபாய் கைக்கு வரும். ஆனால் அதில் 1,500 ரூபாய் மீனவரே கட்டிய பணம். மாநிலம் 1,500, மத்திய சர்க்கார் 1,500. தன் உண்டியலைத் தானே உடைத்து எடுக்கிறவனைப் பார்த்து 'ஓசிச் சோறு' என்கிறது உலகம்.

"சரி, மீனவன் கதை போகட்டும், நமக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம். தோழரே, இதே டீக்கடையில் நீங்கள் எழுந்து போன பிறகு உங்களைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? "நூறு நாள் வேலை வந்துதான் நாத்து நட ஆள் இல்லாம போச்சு, மரத்தடியில தூங்கிட்டுக் கூலி வாங்குறானுங்க" என்று பேசினார்கள். 2005-ல் அந்தச் சட்டம் வந்தது முதல் நிலச்சுவான்தார்கள் பாடுகிற பல்லவி இது. கிராமத்துக் கூலி தங்களைத் தவிர இன்னொரு இடத்தில் வேலை கேட்க முடிகிறதே என்கிற வயிற்றெரிச்சல்தான் அந்தப் பல்லவியின் ராகம்.

ஆலைத் தொழிலாளியைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? "சங்கம் வைத்துக் கம்பெனியை மூடிவிடுவார்கள், போனஸ் கேட்டே நாட்டைக் கெடுத்தார்கள்!" இதைச் சொல்பவர்களில் விவசாயியும் உண்டு, மீனவரும் உண்டு.

வேடிக்கையைப் பாருங்கள்! தொழிலாளி மீனவனைச் சோம்பேறி என்கிறான். மீனவன் தொழிலாளியைச் சண்டைக்காரன் என்கிறான். இருவரும் சேர்ந்து நூறு நாள் வேலைக்காரியைத் தூங்குமூஞ்சி என்கிறார்கள். மூன்று பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொள்கிறோம். பிரம்பை எடுத்துக் கொடுத்தவன் மட்டும் மாடியில் நின்று பார்க்கிறான்.

பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆனது. அதைப் பார்த்து 2022-ல் ஒரு மந்திரியே மேடையில் 'ஓசி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கண்டனம் கிளம்பிய பிறகு விளக்கம் சொன்னார். அதே 2022 ஜூலையில் பிரதம மந்திரி, இலவசங்களை மிட்டாய் விநியோகத்துக்கு ஒப்பிட்டு, இந்தக் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். மறுநாள் முதல் டி.வி.க்களில் இதுவே விவாதம். அந்த விவாதத்தின் சாற்றைத்தான் நமது தோழர் டீக்கடையில் கக்கினார்.

அந்த டி.வி. விவாதங்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைச் சொன்னார்கள்? 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. புதிய தொழிற்சாலைக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே அறிவித்தார்.

தமிழ்நாட்டில் இரண்டு லட்சம் மீனவக் குடும்பங்களுக்கு எட்டாயிரம் கொடுப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 160 கோடி ஆகிறது. முதலாளிகளுக்கு ஒரே வருஷத்தில் விட்டுக்கொடுத்த பணத்தைக் கொண்டு இந்த நிவாரணத்தைத் தொள்ளாயிரம் வருஷம் கொடுக்கலாம்! தொள்ளாயிரம் வருஷம்! சோழர் காலத்தில் ஆரம்பித்திருந்தால் இப்போதுதான் தீரும்.

இது இலவசம் இல்லையாம். 'ஊக்கம்' என்று பெயராம். ஏழைக்குக் கொடுத்தால் மிட்டாய். பணக்காரனுக்குக் கொடுத்தால் பொருளாதாரம்!

"துறைமுகம் வந்தால் வேலை வரும்"

அடுத்த டீக்கடைக் கருத்துக்கு வருவோம். "காட்டுப்பள்ளித் துறைமுகம் பெரிசானா நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும். நாலு மீனவன் கத்துறான்னு நாட்டு வளர்ச்சிய நிறுத்த முடியுமா?"

விஷயம் என்ன? காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கம்பெனி கட்டிய துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,110 ஏக்கராக, அதாவது பதினெட்டு மடங்குக்கு மேல் பெருக்குவது என்று திட்டம் போட்டது. செலவு 53,031 கோடி. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது.

கடலைத் தூர்த்தால் என்ன ஆகும்? இதற்கு விஞ்ஞானியைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். மெரினாவுக்கும் ராயபுரத்துக்கும் போய் வந்தால் போதும். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி நாட்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவே கல் சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தெற்கே மணல் சேரும். வடக்கே மணல் வராமல் கரை அரிக்கும். வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினான். தெற்கே மெரினா அகலமானது. காற்று வாங்கப் போகிறோம். வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றது. பாறாங்கல்லைக் கொட்டிக் கொட்டி இன்றும் தீரவில்லை. பிறகு 2001-ல் எண்ணூரில் துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்கிறது? ஒல்லியான ஒரு மணல் திட்டு. அதன் ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறுபக்கம் பழவேற்காடு ஏரி. ஆரணியாறும் காளங்கியும் கொண்டு வருகிற நல்ல தண்ணீரும், முகத்துவாரம் வழியாக ஏறுகிற கடல் தண்ணீரும் கலந்தால்தான் அந்த ஏரியில் இறால் வளரும். கடலில் பிறக்கிற இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து பெரிதாகிறது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரி குட்டையாகும். மணல் திட்டு அறுந்தால் ஏரி கடலாகும். இரண்டிலும் சாவது மீனவனின் பிழைப்பு.

"அது மீனவன் பாடு" என்று விவசாயத் தொழிலாளித் தோழர் ஒதுங்க முடியுமா? முடியாது! மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறிய கதையை உங்கள் தகப்பனார் சொல்லியிருப்பார். சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் 1960-களிலிருந்து இந்தப் பூமியின் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் போன இடத்தில் கடல் தண்ணீர் புகுந்தது. பிறகு 2010-ல் அதே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அந்தத் தண்ணீரும் பட்டணத்துக்கே போனது. உப்பு நமக்கு, தண்ணீர் அவர்களுக்கு! கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற வேலி அந்த மணல் திட்டும் ஏரியும்தான். வேலியைப் பிடுங்கிவிட்டு நெல் விளையும் என்று எவன் சொல்வான்? நெல் இல்லாத ஊரில் கூலி ஏது?

வேலை கிடைக்கும் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். ஆலைத் தொழிலாளித் தோழருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்டெய்னரை ராட்சதக் கிரேன் தூக்குகிறது. கணக்கைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. மனிதனுக்கு மிஞ்சுவது வாயிற்காவல், துப்புரவு, லாரி ஓட்டுவது, அதுவும் கான்டிராக்டில். ஆறு மாதம் வைத்திருந்து, பிரேக் கொடுத்து, வேறு பெயரில் எடுப்பார்கள். 'நிரந்தரம்' என்ற சொல்லை அகராதியில் தேட வேண்டும். ஏரியில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு இருக்கிற வேலையை எந்த மேஸ்திரியும் ரிடையர் செய்ய முடியாது. வலை பின்னுகிறவர், இறால் பொறுக்குகிற இருளர் பெண், ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிற தாய், இத்தனை பேர் கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான் வேகிறது. வருகிற வேலையை எண்ணுகிற பத்திரிகை, போகிற வேலையை எண்ணியதுண்டா?

ஏன் எண்ணவில்லை? கேட்பானேன்! 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. என்ற பெரிய செய்தி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் யார் கைக்குப் போயின? அதே அதானி குழுமத்தின் கைக்கு. அதற்கு முன்பே, 2014-ல், நெட்வொர்க் 18 ரிலையன்ஸ் அம்பானியின் கைக்குப் போய்விட்டது. துறைமுகமும் அவனது, துறைமுகம் நல்லதா கெட்டதா என்று சொல்கிற டி.வி.யும் அவனது! வாதியும் அவனே, வக்கீலும் அவனே. "நாங்கள் தமிழ் டி.வி.தானே பார்க்கிறோம்?" என்பீர்கள். தமிழ் டி.வி.க்களின் பின்னாலும் கட்சித் தலைவர் குடும்பங்களும் கல்லூரி அதிபர்களும் இருப்பது ஊரறிந்த செய்தி. விளம்பரம் தருகிறவன் மனம் கோணாமல் பேசுவது எல்லாருக்கும் பொது விதி.

ஓட்டுக் கட்சிகளைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். 2021 தேர்தலின்போது இந்த விரிவாக்கத்தை எதிர்ப்பதாகத் தி.மு.க. மக்களிடம் சொன்னது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் அதே அதானி குழுமத்தோடு 42,768 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவை துறைமுகத்துக்கு அல்ல, வேறு தொழில்களுக்கு என்பது உண்மை. அதை மறைக்க நமக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு கையால் குலுக்கிக்கொண்டே மறு கையால் தடுப்பது எப்படி என்று கேட்கும் உரிமை பழவேற்காட்டு மீனவனுக்கு உண்டு.

'புறம்போக்கு' என்ற வசைச்சொல்

கருத்து டி.வி.யில் மட்டும் இல்லை. நமது வாயில் புழங்குகிற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. ஒருவனைத் திட்ட 'புறம்போக்கு' என்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? சர்க்கார் வரி போடாமல் ஒதுக்கி வைத்த பொது நிலம். மேய்ச்சல் தரை, ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, சுடுகாடு, வலை காயப் போடுகிற மணல். எவனும் வேலி போட முடியாத நிலம்; ஆகவே எல்லாருக்கும் சொந்தமான நிலம். வரி வசூலிக்க முடியாத நிலம் வெள்ளைக்கார கலெக்டருக்கு உபயோகமற்றதாகப் பட்டது. அவன் போய்விட்டான், அவன் பார்வை நமது வாயில் வசையாக நின்றுவிட்டது! 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தபோதுதான் பலருக்கு இது உறைத்தது. கர்நாடக சங்கீத வித்துவான் ஒருவர் சாம்பல் மேட்டின் நடுவே நின்று பாடினார். நல்ல கலை என்றால் அப்படித்தான். பழகிப்போன சொல்லைப் பிடித்து உலுக்க வேண்டும்.

அந்தப் பொதுத் தண்ணீரில் ஒழுங்கே இல்லை என்று நினைக்காதீர்கள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், யார் வலை கட்டுவது என்று குப்பத்து ஜனங்கள் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். பங்கு எல்லாருக்கும் சுற்றி வருகிறது. எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வகுத்துக் கொடுத்ததில்லை இது. இதிலும் குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். பாட்டுக்குள் எல்லாச் சாதியாருக்கும் இடம் இல்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிற இருளருக்கும் மற்றவர்களுக்கும் அதில் பங்கு கிடையாது. குப்பத்துத் தோழர்கள் இதை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்குள் இருக்கிற வேலியை நாம் பிரிக்காவிட்டால், அந்தப் பிளவு வழியாகத்தான் அவன் உள்ளே வருவான்.

ராக்கெட்டும் திரைப்பட வீரனும்

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான் மூன்று கிளம்பியது. டீக்கடையில் எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். விஞ்ஞானத்துக்கு நாம் எதிரி அல்ல. 1957-ல் சோவியத் தொழிலாளர் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியபோது உலகத்து ஏழை ஜனங்கள் எல்லாம் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் டி.வி. காட்டாத ஒன்று உண்டு. ராக்கெட் கிளம்புகிற நாட்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக் கூடாது என்று தண்டோராப் போடுவது வழக்கம். டி.வி. வானத்தைக் காட்டுகிறது, கரையில் கவிழ்த்து வைத்த படகைக் காட்டுவதில்லை. அந்தத் தீவில் ராக்கெட் தளம் 1971-ல் செயல்படத் தொடங்குவதற்காக யானாதிப் பழங்குடி ஜனங்களும் மற்றவர்களும் இருந்த இடத்தை விட்டுக் கிளப்பப்பட்டார்கள். நாட்டுக்குப் பெருமை வேண்டும். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவனின் பெயரும் கணக்கில் வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அதை யார் தருவது என்று கேட்டால் தேசத்துரோகியா?

சினிமாவையும் பார்ப்போம். 1964-ல் 'படகோட்டி' வந்தது. நமது தகப்பன்மார் காலத்துப் படம். பாட்டெல்லாம் இன்றும் குப்பத்தில் ஒலிக்கிறது. இரண்டு மீனவக் கூட்டங்களை மோத விட்டு ஒரு பணக்காரன் கொழுப்பதுதான் கதை. இந்த உண்மையைத் திரையில் சொன்னதற்குப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முடிவில் என்ன? ஒரே ஒரு வீரன் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறான். ஜனங்கள் கரையில் நின்று பார்க்கிறார்கள். அறுபது வருஷமாக நமது சினிமா சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: காத்திரு; ஒருவன் வருவான். அப்படி ஒருவனுக்காகக் காத்திருந்து நாம் கோட்டைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! வடசென்னையில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? இந்தப் பக்கத்து இளைஞன் திரையில் வந்தால் கையில் அரிவாள். அவன் கையில் துடுப்போ, ஸ்பானரோ, சங்க ரசீதோ இருந்து நீங்கள் எத்தனை படத்தில் பார்த்தீர்கள்?

1921-ஐ மறக்கலாமா?

மோத விட்டுக் கொழுப்பது சினிமாக் கதை மட்டும் அல்ல. 1921-ல் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. வெள்ளைக்கார முதலாளி என்ன செய்தான்? சாதி இந்துத் தொழிலாளியையும் ஆதிதிராவிடத் தொழிலாளியையும் பிரித்தான். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளியின் ரத்தம் தொழிலாளியின் வாசலில் சிந்தியது. போராட்டம் தோற்றது. யார் ஜெயித்தார்? சாதி இந்துவா? ஆதிதிராவிடனா? இருவரும் இல்லை. கம்பெனி ஜெயித்தது!

அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றவர் ஒருவர் உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வக்கீல் அங்கியைத் தூக்கி எறிந்தவர். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். அவர்தான் தோழர் சிங்காரவேலர். மீனவர் மகன் ஏற்றிய கொடியின் கீழ்தான் ஆலைத் தொழிலாளி முதன்முதலில் மே தினம் கொண்டாடினான். அந்த வம்சத்தில் வந்த நாம், இறால் கூடையோடு வருகிற தாயைப் பார்த்து 'ஓசி' என்பதா?

என்ன செய்வது?

இனி டி.வி.யிலோ, செல்போனிலோ, மேடையிலோ ஒரு கருத்து வந்தால் அதைக் காசைப் போலச் சுண்டிப் பாருங்கள். ஒன்று: இதனால் யார் பை நிரம்புகிறது? இரண்டு: என்னைப்போல் உழைக்கிற எவனை நான் வெறுக்க வேண்டும் என்று இது சொல்கிறது? மூன்று: கணக்கு எங்கே? இந்த மூன்று கேள்விக்கும் நிற்காத கருத்து செல்லாக் காசு. அதை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் அடுத்தவன் கையில் தள்ளாதீர்கள்.

இன்னும் ஒரு காரியம், உடனடிக் காரியம். காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று பொது விசாரணைக்குத் தேதி போட்டார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி போட்டார்கள், அதுவும் தள்ளிப்போனது. தானாகத் தள்ளிப்போகவில்லை. படகில் கறுப்புக் கொடி கட்டி, குப்பங்குப்பமாக மீனவ ஜனங்கள் எழுந்து நின்றதால் தள்ளிப்போனது.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் வருஷத்து அறிவிக்கையின்படி இத்தகைய விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளூர் அமைப்புகளிலும் வைக்க வேண்டும். யாரும் போய்ப் படிக்கலாம்; யாரும் எழுந்து பேசலாம்; பேசுவதைப் படம் பிடித்துப் பதிய வேண்டும். இத்தனையும் உண்டு. கூடவே ஒரு வரியும் உண்டு: கூட்டம் தொடங்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புரிகிறதா தோழர்களே? நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும்! நீங்கள் வாய் திறக்காவிட்டால் உங்கள் மௌனமும் சம்மதமாகக் கோப்பில் ஏறும்!

அந்தப் பந்தலில் மீனவர் மட்டும் நின்றால், "நாலு மீனவன் கத்தினான்" என்று மறுநாள் பத்திரிகை எழுதும். பக்கத்தில் பொன்னேரி விவசாயத் தொழிலாளி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து, "எங்கள் கிணற்றில் உப்பு ஏறும்" என்று சொன்னால்? கும்மிடிப்பூண்டித் தொழிலாளி சங்க அட்டையோடு வந்து, "கான்டிராக்ட் வேலை என்றால் என்ன என்று எங்களைக் கேளுங்கள்" என்று சொன்னால்? அப்போது என்ன எழுதுவான்? எந்த டி.வி.யை விலைக்கு வாங்கினாலும் அந்தப் பந்தலை விலைக்கு வாங்க முடியாது.

ஆகவே சங்கக் கிளைகள் இந்த மாதமே கூடட்டும். ஆலை வாயிலில் ஒரு கூட்டம், களத்துமேட்டில் ஒரு கூட்டம், பழவேற்காட்டுக் கரையில் ஒரு கூட்டம் போடுவோம். மூன்றிலும் மூன்று தரப்பாரும் பேசட்டும்.

நமது டீக்கடைத் தோழருக்கு இந்த இதழை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவர் நல்லவர், கணக்கு தெரிந்தவர். எட்டாயிரத்தை அறுபத்தொன்றால் வகுத்துப் பார்ப்பார். பிறகு அந்த அம்மாளின் கூடையை இறக்க அவரே கை கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடலும் வயலும் ஆலையும் ஒன்றுபடட்டும்!

சொந்தக் கணக்கைப் பேசுவோம். முதலாளியின் பேச்சை அவனிடமே திருப்பி அனுப்புவோம்!